முதல் வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடலாமா? குவாலிட்டியில் மாட்டிக்கொண்ட ஒரு டிசைன் ஆசைக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "மெக்கானிக்கல் முடித்து ஒன்பது மாதமாக சேலத்துக்கு வெளியே ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். கைக்கு 16,500 வருகிறது. படிக்கும்போதே டிசைன்தான் என்று முடிவு செய்திருந்தேன், இங்கே நாள் முழுக்க வெர்னியரும் ரிப்போர்ட்டும்தான். இரண்டு வருஷ பாண்ட் இருக்கிறது, உடைத்தால் 50,000 கட்ட வேண்டும். கல்விக் கடன் 3.2 லட்சம். அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். இதை விட்டுவிட்டு பெங்களூர் போய் கோர்ஸ் படித்து டிசைனில் சேரலாமா? இல்லை, கிடைத்ததே போதும் என்று இருந்துவிடவா? நேரடியாகச் சொல்லுங்கள் அண்ணா."

இப்போது விடாதீர்கள். அடுத்த வருஷம் விடுங்கள். நேரடியாகக் கேட்டதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம். கொஞ்சம் நீளும்.

முதலில் என் கதை, ஏனென்றால் நீங்கள் செய்ய நினைப்பதை அப்படியே செய்து பார்த்தவன் நான். 1998-ல் மெக்கானிக்கல் முடித்ததும் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன், மாதம் 2,200 ரூபாய். எனக்கும் மெஷின் டிசைன் பைத்தியம்தான். அங்கே போனால் மரவள்ளிக்கிழங்கு லோடு லோடாக இறங்குகிறது, கழுவித் தோல் எடுத்து அரைக்கிறார்கள், பால் சல்லடையில் வடிந்து தொட்டிக்குப் போகிறது, மாவு அடியில் படிகிறது, அதை எடுத்துக் குலுக்கி உருட்டி வறுத்து வெயிலில் காயப் போடுகிறார்கள், இதில் டிசைன் எங்கே இருக்கிறது என்று நின்றேன். சீசனில் ராத்திரி பகல் தெரியாது. புளித்த மாவுத்தண்ணீர் வாடை சட்டையை விட்டுப் போகாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார். அரைக்கிற மெஷினில் தண்ணீரும் மாவும் உள்ளே புகுந்து பேரிங் அடிக்கடி போகும். ஏழாவது மாதம் ஒருநாள் அப்படிப் போன பேரிங்குக்காக எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது, ஸ்டோர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்த வீராப்பு மூன்று வாரம் தாங்கியது. அப்புறம் பதினோரு மாதம் கண்ணங்குறிச்சி வீட்டில் சும்மா இருந்தேன். கடைசி மாதச் சம்பளம் வரவில்லை, ரிலீவிங் லெட்டர் தரவில்லை, கேட்கப் போகவும் முகம் இல்லை. அவர்கள் பேரிலும் தப்பு உண்டு, ஆனால் ஒரு வரி எழுதிக் கொடுக்காமல் வந்தவன் நான். கடைசியில் ஓசூரில் ஜிக் ஃபிக்ஸ்சர் (பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் சாதனம்) செய்யும் ஒரு சின்ன இடத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக எடுத்தார்கள், ஆட்டோகேட் ஆர்14 காலம். இன்டர்வியூவில் அந்த ஏழு மாதத்தை மறைத்துவிட்டேன். முதலாளி கேட்ட மூன்றாவது கேள்வி, ஈரத்தில் ஓடும் ஷாஃப்டுக்கு சீல் எப்படிக் கொடுப்பாய் என்று. வாய் நிறைய பதில் இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று திருப்பிக் கேட்டதும் திருதிருவென்று முழித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஆபீசுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: டிசைன் வேலையில் இருக்கும் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார்? தெரியாது என்றால், நீங்கள் ஆசைப்படுவது இப்போதைக்கு அந்த வேலையின் பெயருக்குத்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கல்லூரியில் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். பெங்களூரில் டிசைன் என்ற பெயரில் சேரும் புதியவர்களில் பலர் முதல் இரண்டு வருஷம் செய்வது, வேறு எங்கோ யாரோ வடிவமைத்த பாகத்தின் டிராயிங்கில் ரிவிஷன் மாற்றுவது, பாகங்களின் பட்டியலைச் சரிபார்ப்பது, ஒரு ஓட்டையை 2 மில்லிமீட்டர் நகர்த்த நாலு பேரிடம் ஒப்புதல் வாங்குவது. அதுவும் தேவையான வேலைதான், நானே பல வருஷம் செய்திருக்கிறேன். ஆனால் வெர்னியர் போரடிக்கிறது என்று ஓடுகிறவருக்கு அதுவும் போரடிக்கும். உங்கள் காலேஜ் சீனியர் யாராவது ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ டிசைனில் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், ஒரு டீக்கு உட்கார வைத்து, நேற்று காலையில் இருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள் என்று மணி வாரியாகக் கேளுங்கள். சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது எப்படியும் அவரே சொல்லுவார்.

கேட்டுவிட்டு வந்த பிறகும் அதே ஆசை இருந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தப்பான இடம் இல்லை. மெயின்டனன்ஸில் இருந்து டிசைனுக்கு வந்தவனாகச் சொல்கிறேன், குவாலிட்டி எனக்குக் கிடைத்ததைவிட நல்ல வாசல். எங்களிடம் வருகிற புதியவர்கள் சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேரில் விமானமே வரைந்து காட்டுவார்கள், ஆனால் ஒரு ஓட்டைக்கு என்ன டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) கொடுப்பாய் என்றால் பிளஸ் மைனஸ் 0.01 மில்லிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அதை மெஷினில் எடுக்க எவ்வளவு செலவாகும், எதை வைத்து அளப்பது என்பதெல்லாம் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும், இல்லாவிட்டால் இந்த ஒரு வருஷத்தில் தெரிந்துகொள்ளலாம். ஐந்து பாகம் வரிசையாகச் சேருகிறது, ஒவ்வொன்றுக்கும் பிளஸ் மைனஸ் 0.1 என்றால், மோசமாகப் போனால் மொத்தம் 0.5 வரை தள்ளும், புள்ளியியல் கணக்கில் பார்த்தால் 0.22-க்குள் நிற்கும். இதில் எதை நம்பி வரைவது என்பது டிசைனரின் முடிவு, அது எப்படி எல்லாம் காலை வாருகிறது என்று ரிஜெக்ஷன் ட்ரேயில் பார்ப்பது நீங்கள். சிஎம்எம் மெஷினை, அதாவது பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளவெடுக்கும் மெஷினை, தொட விடுகிறார்களா? விடவில்லை என்றால் விடச் சொல்லி நச்சரியுங்கள். டிராயிங்கில் இருக்கும் ஜிடி அண்ட் டி குறியீடுகளை (வடிவத்துக்கும் இடத்துக்கும் டாலரன்ஸ் சொல்லும் குறிகள்) ரிப்போர்ட்டில் காப்பி செய்வதோடு நிறுத்தாமல், இந்த பொசிஷன் டாலரன்ஸ் ஏன் இந்த டேட்டமில் (அளவைத் தொடங்கும் இடம்) இருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனிக்குப் போகும் பாகம் என்றால் அந்தக் குறியீடுகள் பெரும்பாலும் ஏஎஸ்எம்இ ஒய்14.5 முறை, ஐரோப்பா என்றால் ஐஎஸ்ஓ 1101. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் நாலைந்தை இன்டர்வியூவில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம், இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கம்பெனிக்குள்ளேயே ஒரு டிசைன் வேலை யாரும் தொடாமல் கிடக்கும், அதுதான் செக்கிங் ஃபிக்ஸ்சரும் கேஜும். புதுப் பாகம் வரும்போதெல்லாம் அதைச் சட்டென்று சரிபார்க்க ஒரு கோ, நோ-கோ பின்னோ (கோ பின் ஓட்டைக்குள் போக வேண்டும், நோ-கோ பின் போகக் கூடாது), வைத்து அளக்க ஒரு ஃபிக்ஸ்சரோ தேவைப்படும். டூல் ரூம்காரர்கள் பிசியாக இருப்பார்கள், வெளியில் கொடுத்தால் காசு, அதனால் எல்லாரும் வெர்னியரை வைத்தே ஓட்டுவார்கள். அங்கே போய் நான் வரைந்து தருகிறேன் என்று நில்லுங்கள். 20.00-ல் இருந்து 20.05 வரை அனுமதித்த ஓட்டை என்றால் கோ பின் 20.00, நோ-கோ பின் 20.05 என்பது புத்தகம். அந்தப் பின்னையே எவ்வளவு துல்லியமாகச் செய்யச் சொல்வது? பாகத்தின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கு என்பது பழக்கம், அதாவது இங்கே 0.005. கோ பின் தினமும் நூறு ஓட்டைக்குள் போய் வந்து தேயும், அதற்கு எவ்வளவு கூட்டி வைப்பது? எந்த இரும்பு, ஹார்டன் செய்வதா வேண்டாமா, ஆபரேட்டர் கைதவறிக் கீழே போட்டால் என்ன ஆகும், கோ பக்கம் எது என்று பாதித் தூக்கத்தில் இருக்கும் ராத்திரி ஷிப்ட்காரருக்கு எப்படித் தெரியும்? இத்தனையும் யோசித்து வரைந்து, டூல் ரூமில் செய்ய வைத்து, லைனில் மூன்று மாதம் ஓடவிட்டால், நீங்கள் டிசைன் செய்துவிட்டீர்கள். சின்னதுதான், பரவாயில்லை. சிறிய கம்பெனி என்பதால்தான் இது உங்கள் கைக்கு வரும், பெரிய இடத்தில் இதற்கென்று தனி ஆள் உட்கார்ந்திருப்பார்.

அந்த மாதிரி இரண்டு ஃபிக்ஸ்சர், அது எப்படி உருவானது என்று பத்து நிமிடம் பேசத் தெரிந்த வாய், இந்த இரண்டும் கையில் வந்ததும் வேலை தேட ஆரம்பியுங்கள். ஒரு வருஷம் என்று நான் சொன்னது அதற்குத்தான். ஆறே மாதத்தில் வந்துவிட்டால் ஆறு மாதத்தில் கிளம்புங்கள்.

ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு. அளக்காத அளவை அளந்ததாக ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லி உங்கள் கையெழுத்தை வாங்கினால் கிளம்புங்கள். பிரேக் சம்பந்தப்பட்ட பாகமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், உடம்பு கெட்டால், யாராவது தப்பாக நடந்து அதைக் கேட்க ஆள் இல்லை என்றால், அப்போதும் கோர்ஸ், ஃபிக்ஸ்சர், கடன் எதையும் பார்க்காதீர்கள். சும்மா போரடிக்கிறது, மேனேஜர் சிடுசிடுவென்று இருக்கிறார், கூடப் படித்தவள் பெங்களூரில் ஐடியில் சேர்ந்து இரண்டு மடங்கு வாங்குகிறாள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவள் போட்டோ போடுகிறாள், பிஜியில் என்ன சாப்பிடுகிறாள் என்று போடுவதில்லை.

பாண்ட் பற்றி. பாண்டெல்லாம் செல்லாது, கிழித்துப் போடு என்று நண்பர்கள் சொல்லுவார்கள், பாதிதான் உண்மை. வேலையை விட்ட பிறகு இன்ன இடத்தில் சேரக் கூடாது என்று தடுப்பதை 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு ஏற்பதில்லை. ஆனால் இவ்வளவு காலம் இருப்பேன், இல்லாவிட்டால் இவ்வளவு தருவேன் என்பது வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்கு முன்னால் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது அரசு வங்கி, ஆள் எடுக்க அவர்களுக்கு ஆகும் செலவும் முறையும் வேறு. உங்கள் கம்பெனி மாதிரி இடத்தில், அதே சட்டத்தின் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். பயிற்சி என்று ஒன்றுமே தராமல் முதல் நாளே லைனில் நிறுத்தியிருந்தால் முழு 50,000-ஐ நியாயப்படுத்துவது அவர்களுக்குக் கஷ்டம். ஆனாலும் கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பது உங்கள் வேலை இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள், நாள் ஆக ஆகத் தொகை குறையும் என்று சில பாண்டில் எழுதியிருக்கும். போகிற இடத்தில் நோட்டீஸ் பீரியடுக்கும் பாண்டுக்கும் பணம் தருவார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்திருக்கிறார்களா? அப்படி என்றால் விலகும் பேச்சை எடுக்கும் முன்னால், ஏதாவது பரீட்சைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.

கடன் விஷயத்தில் நீங்கள் ஒரு தேதியைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைதான் தவணை இல்லாமல் விடுவார்கள். முடித்ததும் வேலைக்கு வந்திருந்தால், ஒன்பது மாதம் போய்விட்டது, இன்னும் மூன்று மாதத்தில் தவணை ஆரம்பிக்கும். 3.2 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, பத்து வருஷம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 4,200, இதுவரை சேர்ந்த வட்டி அதற்கு மேல். அப்பா கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், தவணை தவறினால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) அவருக்கும் சேர்த்துத்தான் விழும். வெள்ளி விலை ஏறுகிறபோது பட்டறையில் ஆர்டர் எப்படி இறங்கும் என்று உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை இல்லாமல் பெங்களூரில் பிஜி வாடகை, கோர்ஸ் பீஸ், இந்தத் தவணை, மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு என்ன ஆகிறது என்று. வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லியும் கேட்கலாம், பல வங்கிகள் 15 வருஷம் வரை தருகின்றன, மாதச் சுமை குறையும், மொத்த வட்டி ஏறும். பிஎஃப் பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், கம்பெனி போடும் 12-ல் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும், மிச்சம் சேர்ந்தது சின்னத் தொகைதான். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் அது வரிக் கணக்கிலும் வரும். பிஎஃப்-க்கான அதே யுஏஎன் எண்ணைப் புது இடத்தில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. நான் 1999-ல் வீட்டில் சும்மா இருந்தபோது என்னைத் தண்டச்சோறு என்றார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் நம் ஊரில் மூன்றாவது மாதம் ஜாதகம் வெளியே வரும். உங்கள் வீடு எப்படியோ எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிற பெண் "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்வதற்கும், வீட்டில் இருந்துகொண்டு சொல்வதற்கும் எடை வேறு. இது நியாயம் இல்லை, ஆனால் இப்படித்தான் இருக்கிறது. அதனால் உங்கள் வேலை என்னைவிட உங்களுக்கு ஒருபடி அதிகமாகத் தேவை.

கோர்ஸுக்குப் பெங்களூர் எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. சேலத்தில் கேட் (CAD, கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது) சொல்லித் தரும் சென்டருக்குப் பஞ்சமா? அதுவும்கூட முதலில் வேண்டாம். நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்திருப்பவர்கள் சொல்லித் தருவது எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதைத்தான், அதை யூடியூபில் தமிழிலேயே கற்றுக்கொள்ளலாம். ஃபிரீகேட் காசே இல்லாத சாஃப்ட்வேர், 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது, பழக அது போதும். என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்தில் ஐஐடி வாத்தியார்களின் மெஷின் டிசைன், உற்பத்தி முறை வகுப்புகள் இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிகிறதா என்று மூன்று மாதம் பாருங்கள். முடியவில்லை என்றால் பெங்களூர் பிஜியில் போய் உட்கார்ந்தாலும் முடியாது. ஷிப்ட் மாறி மாறி வந்து உட்காரவே விடவில்லை என்றால் அது வேறு பிரச்சினை, ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்கப் பாருங்கள், சம்பளம் ஏற்றிக் கேட்பதைவிட அது முக்கியம். படிப்புப் பக்கம் ஆசை இருந்தால் எம்.டெக்.குக்கான கேட் (GATE) பரீட்சையும் உண்டு, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், அதில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. அது தனிக் கதை, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேடும்போது "டிசைன் இன்ஜினியர்" என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். புதுப் பாகம் உருவாக்கும் பிரிவு, டூல் டிசைன், ஜிக் ஃபிக்ஸ்சர், கேஜ் செய்யும் சின்ன நிறுவனங்கள், இந்தப் பக்கம் குவாலிட்டியில் இருந்து வருகிறவர்களைக் கையை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மாதிரி பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் இடங்கள் ஏராளம், கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார். இரண்டுமே விடியற்காலை பஸ் ஏறினால் இன்டர்வியூ முடித்து ராத்திரிக்குள் சேலம் திரும்பக்கூடிய தூரம், ஒரு நாள் லீவு போதும். புது இடத்தின் ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகுதான் இங்கே ராஜினாமா. அதையும் ஈமெயிலில் கொடுங்கள், நோட்டீஸ் காலத்தை முழுசாகப் பாருங்கள், ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். நான் சாவியை வைத்துவிட்டு வந்த கதைதான் மேலே இருக்கிறதே.

ஒன்று, கம்பெனி டிராயிங்கைப் பென்டிரைவில் எடுத்து வந்து என் வேலை என்று காட்டாதீர்கள். நீங்களே வரைந்தது என்றாலும் அது அவர்கள் சொத்து, தவிர எதிரில் இருப்பவருக்கு, நாளைக்கு நம் டிராயிங்கும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் தோன்றும். ஃபிக்ஸ்சரைப் பற்றி வாயால் சொல்லுங்கள், காட்டுவதற்கு உங்கள் சொந்த வேலை ஒன்று வேண்டும்.

அதற்கு வெளியே எங்கும் அலைய வேண்டாம். அப்பாவின் பட்டறையில் வெள்ளிக் கம்பி இழுக்கிற மெஷினோ, தகடு அழுத்துகிற ரோலிங் மெஷினோ இருக்கும். யாரும் டிராயிங் போட்டுச் செய்ததாக இருக்காது, பழையதைப் பார்த்து லேத்காரர் அடித்துக் கொடுத்ததாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு வெர்னியரோடு போங்கள். ஒவ்வொரு பாகமாக அளந்து, முழுசாக ஃபிரீகேட்டில் வரையுங்கள், ரோலர் எங்கே தேய்ந்திருக்கிறது, பேரிங் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகிறது, கை எங்கே மாட்டப் பார்க்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள், முப்பது வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்தவருக்கு உங்கள் எந்தப் பேராசிரியரைவிடவும் அதைப் பற்றித் தெரிந்திருக்கும். வேலை மாறுவதைப் பற்றி அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தயக்கம் இருந்தால் அன்றைக்கு அங்கேயே எடுத்துவிடுங்கள். வரைந்து முடித்ததும் எனக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள், சிவப்புப் பேனாவோடு பார்த்துத் தருகிறேன். டாலரன்ஸ் போடாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.